அங்கே உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள்

அன்புள்ள தம்பி,

"அக்கா, இடம் கிடைச்சிடுச்சு, ஒரு வருஷம், குழந்தைகள் வார்டு" என்று நேற்று ராத்திரி நீ அனுப்பியதைப் பார்த்ததும் எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை, அதனால்தான் "ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம், ஆனால் உன்னை மாதிரி வளம் குறைந்த நாட்டு மருத்துவமனைக்கு வேலை செய்யப் போகிற இளம் டாக்டர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர் இதே கேள்விகளோடு வருகிறார்கள், அவர்களும் படிக்கட்டுமே என்று பொதுவில் போடுகிறேன்.

என்னென்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு பழைய கதை.

நான் போனது 2009-ல். ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட மருத்துவமனை. எங்கள் மருத்துவமனையும் அதுவும் கைகோத்து நடத்திய கூட்டுத் திட்டத்தில், வருஷத்துக்கு ஒரு குழந்தை மருத்துவரை இங்கிருந்து அனுப்புவார்கள். மழைக்காலம் வந்தால் மலேரியா வரும், மலேரியா வந்தால் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள், சில நாள் மூன்று. அங்கே இருந்த ஒரே மருத்துவர் பெரும்பாலும் பிரசவ அறுவை சிகிச்சையில் இருப்பார். வார்டை நிஜத்தில் நடத்தியவர் ஒரு கிளினிக்கல் ஆபீஸர். மருத்துவப் பட்டம் இல்லை, மூன்று வருஷப் பயிற்சி, அதற்கு மேல் பதினெட்டு வருஷம் அதே வார்டு. என்னைவிட வயதில் பெரியவர், என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

காய்ச்சலோடு, கைகால் சில்லிட்டு, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆகிற குழந்தை வந்தால் என்ன செய்வாய்? நானும் அதைத்தான் செய்தேன். டிரிப்ஸ் வேகமாக ஏற்று, கிலோவுக்கு 20 மில்லி, பத்தாவிட்டால் இன்னொரு தடவை. படித்தது அது, பரீட்சையில் எழுதியது அது, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அங்கே போன இரண்டாவது வாரமே அதைச் சுவரில் எழுதி ஒட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் திரும்பி வந்த பிறகு, 2011-ல், இதே சிகிச்சையைச் சோதித்த ஃபீஸ்ட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளிலும் சேர்த்து 3,141 குழந்தைகள். காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்தவர்கள். வேகமாக டிரிப்ஸ் ஏற்றப்பட்ட இரண்டு பிரிவுகளிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.6 சதவீதம், 10.5 சதவீதம். வேகமாக ஏற்றாமல் விடப்பட்ட பிரிவில் 7.3 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிற இடங்களில் உருவான வழக்கத்தை அவை இல்லாத வார்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போயிருந்தோம், அங்கே அது குழந்தைகளைக் காப்பாற்றுகிறதா என்று அதுவரை யாரும் சரியாகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனமே தன் வழிகாட்டுதலைத் திருத்தியது.

நான் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்துவிட்டு அந்தக் கிளினிக்கல் ஆபீஸருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதில் நாலு வரிதான். டிரிப்ஸ் ஏற்றிய பிறகு சில குழந்தைகளுக்கு மூச்சு மோசமாவதைத் தானும் பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டு, "நீங்கள் தெரிந்துதான் செய்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்று முடித்திருந்தார்.

தம்பி, இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அந்தச் சிகிச்சை தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை, உலகத்தில் யாருக்குமே தெரியாது, அதற்காக என்னையே நான் குற்றம் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கண்ணால் பார்த்த ஒருவர் என் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், ஒரு வருஷம் முழுக்க, அவர் வாயைத் திறக்க நான் இடம் கொடுக்கவில்லை. இங்கே நீ ஒரு மருந்து எழுதினால் சீனியர் கேட்பார், சிஸ்டர் கேட்பார், பார்மசியிலிருந்து போன் வரும். அங்கே உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர் என்ற மரியாதை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை: உன்னோடு சேர்ந்துதான் ஆக்சிஜன் மெஷின் வருகிறது, பயிற்சிக்கான பணம் வருகிறது, அடுத்த வருஷ ஒப்பந்தம் வருகிறது. விருந்தாளி மனம் கோணிவிட்டால் இதெல்லாம் நின்றுபோகுமோ என்று எந்த மருத்துவமனைக்கும் பயம் இருக்கத்தானே செய்யும்? அதனால் நீ எது சொன்னாலும் "சரி டாக்டர்" என்பார்கள். அந்த "சரி"யை சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

முதல் ஆறு வாரம் எதையும் மாற்றாதே. ஒரு குழந்தை கண் முன்னால் மூச்சுத் திணறும்போது கைகட்டி நில் என்று சொல்லவில்லை, அதை நீ செய்யவும் மாட்டாய். வார்டின் வழக்கங்களைத்தான் சொல்கிறேன். பார்ப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுது, ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேள், பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். ரவுண்ட்ஸில் முதலில் சிஸ்டரைப் பேசவிடு, நீ கடைசியில் பேசு. எழுதிய பிறகு "சரிதானே?" என்று கேட்காதே, எழுதுவதற்கு முன்னால் "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேள். முதல் பத்து நாள் சங்கடமாகச் சிரிப்பார்கள், விடாமல் கேள். அப்புறம், இரவு டியூட்டி பார். உன்னைப் பகலில் மட்டும் வரச் சொல்வார்கள், அது உபசாரம். ஆனால் வார்டின் நிஜம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும்.

அப்படி ஒரு ராத்திரிதான் குமிழி சிபாப், அதாவது மூச்சு விடச் சிரமப்படும் குழந்தைக்கு உதவும் கருவி, என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. தெரியாமல் போகவில்லை, படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். குறைமாதக் குழந்தையின் மூக்கில் குழாய், அதன் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில், எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம், அந்த அழுத்தம்தான் நுரையீரலைச் சுருங்காமல் தாங்குகிறது. அன்றைக்கு நான் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற ஆக்சிமீட்டரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறையின் அந்தக் கோடியில் இன்னொரு குழந்தைக்கு மருந்து கலந்துகொண்டிருந்த சிஸ்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணாவது கட்டில்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் மூக்குக் குழாய் ஒரு பக்கம் நழுவியிருந்தது. காற்று அந்த வழியாகப் போய்விட்டதால் பாட்டிலில் குமிழி நின்றுபோயிருந்தது. அறையில் நாலு பாட்டில் கொப்பளிக்கிற சத்தத்தில் ஒன்று குறைந்ததை அவர் காதால் கண்டுபிடித்திருக்கிறார். ஆக்சிமீட்டரில் எண் இறங்குவதற்கு முன்னால்! அந்த ஊர் மருத்துவமனையில் அலாரம் என்பது அந்தப் பெண்தான். அவருக்குப் பாடம் எடுக்க நான் ஐம்பது ஸ்லைடு தயாரித்து வைத்திருந்தேன். அடுத்த வாரம் அந்த வகுப்பை அவரையே எடுக்கச் சொன்னேன், நான் பின் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

இந்த மாதிரி அறிவு எப்போதும் ஒரே பக்கமிருந்து ஓடுவதில்லை. கங்காரு பராமரிப்பு எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார். 1978-ல், கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பத்தாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைத்தார். இன்றைக்குப் பணக்கார நாடுகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் அதைத்தான் செய்கிறார்கள். 1968-ல் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் வேலை செய்தபோது இருவரும் இருபதுகளில் இருந்த அமெரிக்க டாக்டர்கள், கிட்டத்தட்ட உன் வயது. வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசல் காலரா நோயாளிகளுக்கு டிரிப்ஸின் தேவையை வெகுவாகக் குறைக்கும் என்று காட்டிய அந்தக் கட்டுரையில் அவர்கள் பெயரோடு ரஃபிகுல் இஸ்லாம், மஜீத் மோல்லா என்ற அங்குள்ள டாக்டர்களின் பெயரும் இருக்கிறது. நீ அங்கே ஏதாவது ஆய்வு செய்தால், யார் பெயர் எங்கே வரும் என்பதை முதல் நாளே பேசிவிடு. தரவு சேகரித்தவர்களைக் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் தள்ளிவிடுகிற கட்டுரைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

சுவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நான் என் தாளை ஒட்டப் போனபோது அங்கே ஏற்கெனவே ஐந்து தாள்கள் இருந்தன. எல்லாம் ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது, டிரிப்ஸ் எவ்வளவு என்கிற மாதிரி ஒரே விஷயங்கள்தான். ஒவ்வொன்றும் எனக்கு முன்னால் வந்த ஒவ்வொருவர் எழுதியது. ஒன்றுக்கொன்று அளவு வேறு, ஒன்றில் அந்த மருத்துவமனையிலேயே கிடைக்காத மருந்து. மேலே இருந்த தாளின் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டு கீழே இருந்ததைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் நாலு மாதம் இடைவெளி, வருகிறவருக்கு முன்னால் வந்தவர் என்ன செய்தார் என்றே தெரியாது. நீ கிளம்புவதற்கு முன் உனக்கு முன்னால் போனவர்கள் அத்தனை பேரையும் தேடிப் பிடித்துப் பேசு. திட்ட அலுவலகம் பேசிவைக்கும் என்று காத்திருக்காதே.

நிலைத்து நிற்கிற மாற்றம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மலாவியின் பிளாண்டையரைப் பார். அங்கே எலிசபெத் மாலினக்ஸ் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து வேலை செய்தார். வரிசையில் காத்திருக்கும்போதே குழந்தைகள் இறந்துபோவது எந்த நெரிசலான மருத்துவமனையிலும் நடப்பதுதான், யார் உடனே உள்ளே வர வேண்டும், யார் அடுத்து, யார் காத்திருக்கலாம் என்று வாசலிலேயே பிரிப்பதற்கு ஊழியர்களைப் பழக்கினார்கள், வெளிநோயாளிப் பிரிவை அதற்கேற்ப மாற்றியமைத்தார்கள். முன்பு உள்நோயாளிக் குழந்தைகளில் 10 முதல் 18 சதவீதம் வரை இருந்த இறப்பு 6 முதல் 8 சதவீதமாக இறங்கியது. உனக்கு ஒரு வருஷம்தான் இருக்கிறது, அவ்வளவு முடியாது, பரவாயில்லை. ஆனால் நீ தொடங்குகிற எதுவும் நீ இல்லாமல் ஒரு வாரம் ஓடுகிறதா என்று நீ அங்கே இருக்கும்போதே சோதித்துப் பார். லீவு போட்டு ஊர் சுற்றப் போ, திரும்பி வந்து பார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் உன் திட்டக்காரர்களிடம் ஒன்றைக் கேள்: அங்கிருந்து யாராவது இங்கே வருகிறார்களா? பிரிட்டனில் எம்.டி.ஐ. என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, வெளிநாட்டு மருத்துவர்கள் அதிகபட்சம் இரண்டு வருஷம் பயிற்சி பெற்றுவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பலாம். அதிலும் குறைகள் இருக்கின்றன, வந்தவர்களை ஆள் பற்றாக்குறைக்கு இட்டு நிரப்புகிற ஆபத்து எங்கேயும் உண்டு. வளம் குறைந்த நாடுகளின் மருத்துவர்களைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் நடத்தை விதி கொண்டுவந்ததும் இந்தக் கவலையில்தான். இருந்தாலும் போக்குவரத்து இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நீ போகிற இடத்துச் சிஸ்டர் ஆறு வாரம் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போவதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேள். போகிறவர்கள் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்?

படம் எடுக்காதே. இங்கே ஒரு குழந்தையை அந்த நிலையில் படம் எடுத்து இணையத்தில் போடுவாயா? இங்கே தனியாகச் செய்யத் தகுதியில்லாத எதையும் அங்கே தனியாகச் செய்யாதே. இந்த இரண்டையும் நீளமாக எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இறப்பைப் பற்றி எழுதத்தான் வேண்டும். 2022-ல் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 49 லட்சம், அதில் ஏறக்குறைய பாதி பிறந்து ஒரு மாதத்துக்குள். படிக்கும்போது இது எண். நீ போகிற வார்டில் இது ஒரு வாரத்தில் இரண்டு, மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் மூன்று. நான் இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தச் சிஸ்டர் வந்து தட்டவில்லை, கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், நான் வெளியே வந்ததும் எழுந்து வேலைக்குப் போனார். அவருக்கு அது பதினோராவது மழைக்காலம். திடமாக இருக்கிற மாதிரி நடிக்காதே, அவர்களோடு சேர்ந்து உட்கார், ஒவ்வொரு இறப்புக்குப் பிறகும் ஐந்து நிமிடமாவது எல்லோரும் பேசுகிற பழக்கம் அங்கே இருந்தால் தவறாமல் போ. எனக்கு எந்த நேரமானாலும் கூப்பிடு.

சரி, என்னென்ன கொண்டுபோவது. கொஞ்சமாகக் கொண்டுபோ. வளம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடப்பதாக 2011-ல் ஓர் ஆய்வு வந்தது, நான் இருந்த இடத்திலும் ஸ்டோர் ரூம் நிறைய நல்ல மனசோடு அனுப்பிய மெஷின்கள், ஃபில்டர் கிடைக்காமல், பிளக் பொருந்தாமல். என்னிடம் ஒரு கையடக்க ஆக்சிமீட்டர் இருக்கிறது, பச்சிளங்குழந்தைகளுக்கான சென்சாரும் இருக்கிறது, அதை உனக்குத் தந்துவிடுகிறேன். ஆனால் அதற்கு முன் அங்கே வார்டுக்குப் பொறுப்பாக இருக்கிற சிஸ்டர் யார் என்று விசாரித்து, அவரிடமே நேராக எழுதிக் கேள்: இது அவர்களுக்கு வேண்டுமா, இந்த அளவு பேட்டரி அங்கே கடையில் கிடைக்குமா என்று. அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்வோம்.

அன்புடன்,
அக்கா