புதுக் கிளாரினெட்டுக்கு முன் ரீடு வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினம், ஆண்டு விளையாட்டு விழா என்று பள்ளி பாண்டு எங்கே வாசித்தாலும் டிரம்பெட்டும் டிரம்மும் எப்படியோ ஒப்பேற்றிவிடுகின்றன. கிளாரினெட் வரிசைதான் கீச்சிடுகிறது, அல்லது சுருதி விலகி நிற்கிறது. உடனே ‘வாத்தியம் பழசு, புதுசு வேண்டும்’ என்று நிர்வாகத்துக்கு மனு போகிறது. புதுசு வந்த பிறகும் அதே கீச்சுதான். கிளாரினெட்டின் குணமே அது என்பவர்கள் கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்த ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பை ஒருமுறை கேட்கட்டும். பெரும்பாலும் குறை இருப்பது ஊதும்போது அதிர்ந்து நாதம் தரும் மெல்லிய பட்டையான, சுண்டுவிரல் நீள ரீடில்.

நாகஸ்வரக்காரர் வாத்தியத்தில் எப்போதும் அதன் ரீடான சீவாளி நாலைந்து தொங்கும். அன்றைக்கு எது நன்றாகப் பேசுகிறதோ அதைப் பொருத்திக்கொள்வார். பாண்டுப் பிள்ளைக்கோ ஒரே ரீடு. நுனி பிளக்கும்வரை அதுவேதான். கிளாரினெட் ரீடும் நாணல் இனத்தில் செய்வதுதான். ஒரு பெட்டியில் 10 வரும். கடினத்தைக் குறிக்கும் எண் பத்திலும் ஒன்றாகவே இருந்தாலும் பத்தும் ஒன்றுபோல் பேசாது. ஆளுக்கு நாலு ரீடு கொடுத்து, பின்புறம் பென்சிலால் 1 முதல் 4 வரை எழுதி, நாளுக்கொன்றாக மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். புது ரீடை முதல் நாள் 5 நிமிடம், மறுநாள் 10 நிமிடம் என்று பழக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேர அணிவகுப்புக்குக் கொண்டுபோனால் நார் ஊறிச் சீக்கிரமே தொய்ந்துவிடும். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்துத் தட்டையான உறையில் வைக்க வேண்டும். வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸிலேயே விட்டால் நுனி அலை அலையாக வளையும். கீச்சின் பாதி அங்கே பிறக்கிறது.

ரீடு எண்ணில் பிள்ளைகளுக்குள் ஒரு வீண் ரோஷம் உண்டு. ‘நான் 3 வாசிக்கிறேன்’ என்பது பெருமையாம். எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. மவுத்பீஸ் நுனிக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இடைவெளி 1.05 மி.மீ. அளவில் இருந்தால் 2½ அல்லது 3 பொருந்தும். வாண்டோரன் கம்பெனியின் பி45 மவுத்பீஸ் போல 1.2 மி.மீ. வரை அகன்றதற்கு 2 அல்லது 2½ போதும். கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் மாறும்: வாண்டோரன் 2½, ரிக்கோ 2½ஐவிடச் சற்றுக் கடினம். ரீடு கடினமாக இருந்தால் நாதத்தோடு காற்று இரையும். பிள்ளை தாடையால் கடிக்கும். கடித்தால் சுருதி ஏறி ஒலி ஒடுங்கும். மிக மென்மையாக இருந்தால் மேல் ஸ்தாயி இறங்கிப்போய், தகரம் அதிர்வதுபோல் கேட்கும்.

பொருத்தும்போது ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு மயிரிழை அளவு தெரிய வேண்டும். ரீடை ஒரு மயிரிழை ஏற்றினால் கடினப்படும், இறக்கினால் இளகும். ரீடைப் பிடித்திருக்கும் பட்டையான லிகேச்சரின் கீழ்த் திருகு இறுக்கமாகவும் மேல் திருகு தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பிறகு மவுத்பீஸையும் அதை அடுத்த சிறு துண்டான பேரலையும் மட்டும் சேர்த்து ஊதச் சொல்லி, சுருதி காட்டும் டியூனரைப் பாருங்கள். எஃப் ஷார்ப்பை ஒட்டி முள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் உதடு தளர்ந்திருக்கிறது. மேலே போனால் கடிக்கிறார்கள். உதடும் தாடையும் பிடிக்கும் வாய்க்கட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதைவிட இந்த ஒரு சோதனை மேல்.

இனிச் சுருதி. பாண்டு மாஸ்டர் பி பிளாட் கொடுப்பார். கிளாரினெட்டில் சி என்று வாசிப்பது பி பிளாட்டாக ஒலிக்கும் என்பதால் கிளாரினெட்காரர் தன் சி-யை வாசித்து, ஏறியிருந்தால் பேரலை வெளியே இழுப்பார். தவறு இங்கேதான். பேரலை இழுத்தால் குழலின் மேல்பகுதி மட்டும் ஒலிக்கும் ஸ்வரங்களான நடு ஜி, ஏ, பி பிளாட்தான் அதிகம் இறங்கும். சி-க்காகவே பேரலை இழுத்துக்கொண்டு போனால், சி சேரும்போது அந்த மூன்றும் தாழ்ந்துவிடும். முதலில் விரல் எதுவும் மூடாத ஜி-யைப் பேரலில் சரிசெய்யுங்கள். பிறகு சி-யைப் பாருங்கள். இன்னும் ஏறியிருந்தால் நடு இணைப்பை ஒரு மி.மீ. இழுங்கள். அப்புறமும் நடு ஏ, பி பிளாட் ஏறி நின்றால் வலக்கையின் இரண்டு விரல்களால் துளைகளை மூடி வாசிக்கலாம். சுருதியும் இறங்கும், நாதமும் தடிக்கும்.

நிழலில் சுருதி சேர்த்துவிட்டு வெயிலில் போய் நின்றால் எல்லாம் மாறும், குழலுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும். ஐந்து நிமிடமாவது ஊதிச் சூடேற்றி, வாசிக்கப்போகும் இடத்திலேயே சேர்க்க வேண்டும். இன்னொன்று: அழுத்தி ஊதினால் கிளாரினெட் இறங்கும், மெல்ல ஊதினால் ஏறும். புல்லாங்குழலுக்கு இது நேர் எதிர். பாட்டு மெல்ல ஓயும் இடத்தில் இரண்டும் பிரிந்து நிற்பது அதனால்தான். அங்கே தாடையைச் சற்றுத் தளர்த்தி, மூச்சின் வேகம் குறையாமல் ஊதப் பழக்க வேண்டும்.

இத்தனையும் செய்து சேராத வாத்தியம் இருந்தால் அதன் உடம்பில் எச்.பி. (ஹை பிட்ச், அதாவது உயர்சுருதி) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் பட்டாள பாண்டுகள் ஏ-க்கு 452 அதிர்வு என்ற உயர்சுருதியில் வாசித்தன. இன்றைய 440க்கு அது ஏறக்குறைய கால் ஸ்வரம் மேலே. அந்தக் குழலே குட்டை. எவ்வளவு இழுத்தாலும் ஒரு ஸ்வரம் சேரும், மற்றது விலகும். அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் புதுசு வாங்குங்கள்; மற்றவற்றுக்கு ரீடுப் பெட்டி போதும்.

இப்படிக்கு,
பாண்டு வாத்தியப் பயிற்றுநர், திருச்சி