சரளமாகப் பேசினாலும் பக்கவாதமாக இருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாய் கோணுவது, கையைத் தூக்க முடியாமல் போவது, நாக்கு குழறுவது என்று அறிகுறிகளைப் போட்டிருந்தீர்கள். என் கணவருக்கு இதில் ஒன்றுகூட இல்லை. நடந்தார், கை காலை ஆட்டினார், பேச்சோ நிற்கவே இல்லை. வந்தது பக்கவாதம்தான்.

பெங்களூரில் அல்சூர் மார்க்கெட் பக்கம் இவர் தையல் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் ஆடியில் ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய், "கை கழுவிட்டு வாங்க" என்றேன். "அந்தக் கொக்கிய மடிச்சு நேத்தே தண்ணியில நடந்தாச்சே, சொம்பிலிக்கு யாரு சொல்றது?" என்றார். குரலின் ஏற்ற இறக்கமெல்லாம் எப்போதும் போலத்தான். எனக்குப் புரியவில்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் சரியாகப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றியிருக்கிறது. குடியே தெரியாத மனிதரைப் பார்த்து, "என்னண்ணே, பகல்லயேவா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர். கூட்டிப்போன கிளினிக்கில் மனக்குழப்பம் என்று தூக்கத்துக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்த பிறகுதான், மூளையின் இடது டெம்போரல் லோபுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரமெல்லாம் தூக்கத்திலேயே போய்விட்டது.

நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், காதை ஒட்டி இருப்பது இந்த லோப். கை காலை அசைக்கும் பகுதி இதற்கு வெளியே இருப்பதால் அது தப்பிவிடுகிறது. காதில் விழுவதைச் சொல்லாகப் புரிந்துகொள்ளும் இடம் கெட்டுப்போகிறது. ஜெர்மன் டாக்டர் கார்ல் வெர்னிக்கே 1874-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். வெர்னிக்கே அஃபேசியா என்று அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். காது கேட்பதில் ஒரு குறையும் இல்லை, அடுப்படியில் குக்கர் விசிலடித்தால் திரும்பிப் பார்ப்பார். நாம் பேசுவதுதான் தெரியாத பாஷை மாதிரி விழுகிறது. அதனால் பக்கத்தில் வந்து கத்துவதில் பயனே இல்லை. பார்வைக்குப் போகும் நரம்பிழைகளில் ஒரு பங்கும் இந்த லோபுக்குள் வளைந்துதான் போகிறதாம். இரண்டு கண்ணிலும் வலது மேல்பக்கம் தெரிவதில்லை. மேல்தட்டில் வலது ஓரம் இருக்கும் நூல்கண்டை நான்தான் எடுத்துத் தருகிறேன்.

கைக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. அளவு ஜாக்கெட் கொடுத்தால் டேப்பை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கழுத்து வளைவை ஒரே வெட்டில் எடுத்துவிடுவார். "கை ஒரு இஞ்ச் இறக்கம் வேணும் மாஸ்டர்" என்று வாயால் சொன்னால் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பழைய அளவிலேயே தைத்து வைப்பார். ஆகவே வருகிறவர்களிடம், துணியை விரித்து எதுவரை வேண்டுமோ அங்கே குண்டூசி குத்திக் காட்டச் சொல்கிறேன். காட்டிவிட்டால் அச்சுப் பிசகாது. எழுத்தும் பிடிபடாததால் பில் நோட்டில் பெயருக்குப் பதில் துணித்துண்டை பின் பண்ணி வைக்கிறேன். அதைப் பார்த்து யாருடையது என்று அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர். கன்னடம், உருது, தெலுங்கு என்று வருகிறவருக்குத் தக்கபடி பேசியவர். பேச்சுப் பயிற்சியில் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, கன்னடம் இன்னும் வரவில்லை. பஸ்ஸில் ஒருவர் ஏதோ கேட்க, இவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்ல, இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் கன்னடம் பேச மாட்டாயா என்று அவர் சண்டைக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைத்தடியோடு ஏறியிருந்தால் எழுந்து இடம் கொடுத்திருப்பார். இப்போது இவர் சட்டைப்பையில் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு அட்டை இருக்கிறது: "பக்கவாதத்தால் எனக்குப் பேச்சு புரிவது கடினம். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், கையால் காட்டுங்கள்."

எனக்கு ஆறாமல் இருப்பது ஊனச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில் நடந்ததுதான். "நடக்கிறார், இவ்வளவு பேசுகிறார், இதில் என்ன ஊனம்?" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார் அங்கிருந்தவர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடு அதில் ஒன்று. அஃபேசியா என்ற பெயரே அந்த அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன், மறுபடியும் போவேன்.

அடுத்த முறை அறிகுறிகளைப் பெட்டி கட்டிப் போடும்போது தயவுசெய்து இதையும் சேருங்கள். நன்றாக இருந்தவர் திடீரென்று தொடர்பில்லாமல் பேசினாலோ, நாம் சொல்வது புரியாமல் விழித்தாலோ, குடித்திருக்கிறாரா, பைத்தியமா என்று பேசிக்கொண்டு நிற்காமல் உடனே ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் சரியாகப் பேசினார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஊசி போடலாமா என்று முடிவு செய்ய டாக்டர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரரின் மனைவி,
அல்சூர், பெங்களூரு.