பதினேழாவது வாயில்

அன்பு மகளுக்கு,

"பதினேழாவது வாயிலில் கம்பம் உரசிவிட்டது அப்பா" என்று நேற்று நீ சொன்னதும் நான் கேட்டது என்ன? "அது இல்லாவிட்டால் எத்தனையாவது இடம்?" அதன் பிறகு நீ அதிகம் பேசவில்லை. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்விக்காக என்னை மன்னித்துவிடு அம்மா.

பாய்கிற தண்ணீரில் படகோட்டும் இந்த கேனோ ஸ்லாலம் விளையாட்டின் கணக்கு எனக்கும் மனப்பாடம்தான். தண்ணீருக்கு மேல் தொங்கும் கம்பத்தை உரசினால் 2 விநாடி கூடும், கம்பங்களுக்கு நடுவே உள்ள வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி. ஆனால் கரையில் நின்று கணக்குப் போடுவது எளிது. நுரைத்து இரைகிற தண்ணீரில் முழங்காலிட்டு, ஒரே ஒரு துடுப்பு அலகோடு, சிவப்புக் கம்பங்களுக்கு நடுவே வெள்ளத்தை எதிர்த்துப் படகைத் திருப்புகிறவளுக்குத்தான் தெரியும் அந்த 2 விநாடி எதனால் ஆனது என்று.

இரவு தூக்கம் வரவில்லை. உன் அறைச் சுவரில் இன்னும் இருக்கும் ஆஸ்திரேலிய வீராங்கனை ஜெசிகா ஃபாக்ஸ் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் 2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக்கில், உட்கார்ந்து இரட்டை அலகுத் துடுப்பால் ஓட்டும் கயாக் பிரிவின் இறுதிச் சுற்றை நினைத்துப் பார். தண்ணீரில் அவர் எடுத்த நேரம் 102.73 விநாடி. தங்கம் வென்ற ரிக்கார்டா ஃபங்க் எடுத்தது 105.50. ஆனால் ஃபாக்ஸ் இரண்டு முறை கம்பத்தை உரசியிருந்தார். 4 விநாடி கூடி, வெண்கலம். லண்டனில் 18 வயதில் வெள்ளி, ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் மறுபடியும் வெண்கலம். அடுத்த இரண்டே நாளில், உன்னைப் போல் முழங்காலிட்டு ஒற்றை அலகுத் துடுப்பால் ஓட்டும் கேனோ பிரிவில் இறங்கித் தங்கம் எடுத்தார்.

அந்தத் தங்கத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பெண்கள் கேனோவில் 2013-லேயே அவர் உலக சாம்பியன். ஆனால் லண்டனிலும் ரியோவிலும் பெண்களுக்கு அந்தப் பிரிவே கிடையாது. டோக்கியோவில்தான் முதல்முறையாகச் சேர்த்தார்கள். உலகத்திலேயே முதலிடத்தில் இருந்தும், ஒலிம்பிக்கில் இல்லாத ஒரு பந்தயத்துக்காக அத்தனை வருடம் பயிற்சியை விடாமல் இருப்பது சாதாரணக் காரியமா? நீ இன்று முழங்காலிட்டுப் போகும் படகுக்கு ஒலிம்பிக் கதவு திறந்தது அப்படித்தான். பாரிஸில் கயாக், கேனோ இரண்டிலுமே தங்கம். அங்கேயே தங்கை நோமி, பலர் ஒன்றாக இறங்கிப் போட்டியிடும் கயாக் கிராஸில் வென்றபோது, அக்கா கரையிலிருந்து தண்ணீரில் குதித்துப் போய்க் கட்டிக்கொண்டாரே, அந்தக் காட்சியை உன் அம்மா இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள்.

எனக்கு அந்தப் பெண்ணைவிட அவருடைய அம்மாவின் நினைவுதான் அதிகம் வந்தது. அம்மா மிரியம் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். மகளுக்குப் பயிற்சியாளரும் அவர்தான். அப்பா ரிச்சர்ட் கயாக் தனிநபர் பிரிவில் ஐந்து முறை உலக சாம்பியன். கம்பம் அசைந்தால் என்ன விலை என்று உடம்பாலேயே அறிந்தவர்கள். தண்ணீரைத் தொட்டுப் பார்க்காத நான் உன்னிடம் கேட்ட கேள்வியை அந்த அம்மா டோக்கியோவில் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீ முதன்முதலாகக் கவிழ்ந்த நாள் நினைவிருக்கிறதா? படகின் அடிப்பாகம் மட்டும் வெயிலில் மின்னியது. நான் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டேன். உன் பயிற்சியாளர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். மனதுக்குள் நான்கு எண்ணினேன். துடுப்பு ஒருமுறை தண்ணீரை அறைந்தது, நீ நிமிர்ந்தாய். முகத்தில் ஒட்டிய முடியை விலக்காமலேயே, "கீழே எல்லாம் பச்சையாக இருக்கிறது அப்பா!" என்று கத்தினாய். அன்று நான் உன்னிடம் எந்தக் கணக்கும் கேட்கவில்லை.

உள்ளங்கையில் தோல் உரிந்த இடம் ஆறிவிட்டதா? ஈரத்தோடு மூடிக் கட்டாதே, காற்றுப் படட்டும்.

அடுத்த தகுதிச் சுற்றுக்கு நானும் அம்மாவும் வருகிறோம். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசி வாயிலுக்குக் கீழே, நீ படகைக் கரையேற்றும் இடத்தில் நிற்கிறோம். துண்டு அம்மா கையில் இருக்கும். தண்ணீர் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா