ஒரு எம்.பி. இல்லாட்டி என்னன்னு கேட்டியே மாப்ள

மாப்ள,

உன் மெயில் வந்து பதினஞ்சு நாள் ஆச்சு, லேட்டா எழுதுறேன்னு கோச்சுக்காத, இங்க டெமா ஊர் ஃபேக்டரில ஷட்டவுன் வேலை ஓடிட்டு இருக்கு, ராத்திரி பத்து மணிக்குத்தான் ரூமுக்கே வர்றேன். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதி. பிசியோதெரபிய மட்டும் விட்றாதீங்க, வலிக்குதுன்னு அவர் அடம்பிடிப்பார், நீ விட்டுக்குடுக்காத. பாப்பா என்ன க்ரூப் எடுக்கப்போறா, அதையும் எழுது.

கடைசில ஒரு வரி எழுதிருந்தியே, "ஒரு எம்.பி. இருந்தா என்ன இல்லாட்டி என்ன, இனிமே நான் ஓட்டு போடப்போறதா இல்ல"ன்னு. அது எனக்கு உறுத்திட்டே இருக்குடா. 2019லேர்ந்து கானாவுல இருக்கேன், இங்க பாத்தத உனக்குச் சொல்லியே ஆகணும்.

2020 டிசம்பர் தேர்தல்ல மொத்தம் 275 சீட்டு. ஆளுங்கட்சி என்.பி.பி.க்கு 137, எதிர்க்கட்சி என்.டி.சி.க்கும் 137. மிச்சம் ஒரே ஒரு சுயேச்சை, ஃபோமேனா தொகுதி ஆண்ட்ரூ அசியாமா அமோக்கோ. அவர் ஏற்கனவே என்.பி.பி. எம்.பி.தான், சுயேச்சையா நிக்குறேன்னு சொன்னதும் கட்சியே ஸ்பீக்கர்கிட்ட எழுதிக்குடுத்து அவர் சீட்ட காலின்னு அறிவிக்க வெச்சாங்க, ஒரு மாசத்துல அதே மக்கள் அவர திரும்ப ஜெயிக்க வெச்சுட்டாங்க, கடைசில வெளிய அனுப்புன கட்சியே அவர் கைய நம்பி நிக்கவேண்டியதாப்போச்சு. அவரும் அந்தப் பக்கமே போய் உக்காந்தார், ரெண்டாவது துணை ஸ்பீக்கர் பதவியும் கிடைச்சுது.

ஜனவரி 6 ராத்திரி புது பார்லிமென்ட் கூடுனத டிவில விடிய விடிய பாத்தேன். ஸ்பீக்கர் தேர்தல், ரகசிய ஓட்டு, ரெண்டு பக்கமும் சமம்ங்கிறதால ஒவ்வொரு ஓட்டுச்சீட்டுக்கும் சண்டை. எண்ணிட்டு இருக்கும்போதே ஆளுங்கட்சி எம்.பி. ஒருத்தர் ஓட்டுச்சீட்டுகள பிடுங்கிட்டு ஓடுனார், கொஞ்ச நேரத்துல துப்பாக்கியோட ராணுவம் சபைக்குள்ளயே வந்துருச்சு, எம்.பி.க்கள் எந்திரிச்சு நின்னு தேசிய கீதம் பாட ஆரம்பிச்சாங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சுடா. விடிஞ்சப்ப எதிர்க்கட்சி ஆள் ஆல்பன் பாக்பின் ஸ்பீக்கர் ஆனார், ஜனாதிபதி ஒரு கட்சி ஸ்பீக்கர் இன்னொரு கட்சின்னு இந்த நாட்டுல அதுதான் முதல் தடவை.

அந்த ஒரு ஓட்டு அடுத்த நாலு வருஷமும் ஆட்டிவெச்சுது. 2021 நவம்பர்ல பட்ஜெட் அன்னிக்கு ஆளுங்கட்சி வெளிநடப்பு பண்ணுச்சு, உள்ள இருந்த எதிர்க்கட்சி பட்ஜெட்டையே தோக்கடிச்சுருச்சு. நாலு நாள் கழிச்சு ஆளுங்கட்சிக்காரங்க மட்டும் வந்து, நாற்காலில இருந்த துணை ஸ்பீக்கரையும் சேத்து 138ன்னு எண்ணி அத ரத்து பண்ணாங்க. டிசம்பர்ல கைகலப்பே ஆச்சு. எல்லாம் பெரும்பாலும் இ-லெவிக்காக, அதாவது மொபைல்ல பணம் அனுப்புனா வரி. இங்க எல்லாமே மொமோதான், மொபைல் மணின்னு அர்த்தம், பேங்க் அக்கவுண்ட் இல்லாதவங்க கூட போன்லதான் பணம் போடுவாங்க எடுப்பாங்க. 1.75 சதவீதம்னு கொண்டுவந்து 1.5ன்னு குறைச்சு, 2022 மார்ச்ல எதிர்க்கட்சி வெளிநடப்பு பண்ணப்ப நிறைவேத்திட்டாங்க.

எங்க கேட்டுக்கு வெளிய வாச்சே விக்கிற ஆன்ட்டி ஒருத்தங்க இருக்காங்க, அரிசியும் காராமணியும் சேத்து வேகவெச்ச சோறு, இலைல வெச்சு மேல ஷிட்டோன்னு ஒரு கார சாஸ் ஊத்திக் குடுப்பாங்க. மொத்தக் கடைக்கு அரிசிக்கும் காராமணிக்கும் மொமோலதான் அனுப்பிட்டு இருந்தாங்க, 1000 சீடி (இந்த ஊர்ப் பணம்) அனுப்புனா முதல் 100 போக மிச்சத்துக்கு 13.50 வரி. வரி வந்தப்புறம் அனுப்புறத நிறுத்திட்டு பணத்த இடுப்புத் துணில சுருட்டி முடிஞ்சுட்டு அவங்களே ட்ரோட்ரோ, நம்ம ஷேர் வேன் மாதிரி, அதுல ஏறி மார்க்கெட்டுக்குப் போவாங்க, அன்னிக்கு மத்தியானம் கடை இருக்காது. தலைநகர் அக்ராவுல எண்ணுன ஓட்டு மாப்ள, இங்க ஒரு அம்மாவோட அரை நாள் பொழப்பு போச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எங்க ஸ்டோர்ல வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர், லிக்பே ஊர்க்காரர். சான்ட்ரோகோஃபி, அக்பாஃபு, லிக்பே, லோலோபி, இந்த நாலு ஊர்ப் பகுதியையும் சேத்து சால்னு சொல்வாங்க, டோகோ பார்டர் பக்கம் மலையடிவாரம். முன்ன ஹோஹோ தொகுதில ஓட்டு போட்டவங்க. 2019ல வோல்டா ரீஜனப் பிரிச்சு ஓட்டின்னு புது ரீஜன் போட்டப்ப இவங்க அந்தப்பக்கம் போனாங்க, ஆனா தனித் தொகுதி வரல. தேர்தலுக்கு முந்தின நாள், முந்தின நாள்டா, தேர்தல் கமிஷன் அறிவிக்குது, நீங்க ஜனாதிபதிக்கு மட்டும் ஓட்டு போடுங்க, எம்.பி.க்கு இல்லன்னு. அண்ணன் அதுக்காகவே லீவு போட்டு ராத்திரி பஸ்ல ஊருக்குப் போயிருந்தார். ஒரு ஓட்டுச்சீட்டுதான் குடுத்தாங்களாம்.

சபை 137க்கு 137ன்னு நின்ன அதே நேரத்துல இவங்க ஊர்க்காரங்களுக்கு அங்க ஆளே இல்ல, யோசிச்சுப் பாரு. இங்க எம்.பி.ய "ஆனரபிள்"னுதான் கூப்பிடுவாங்க, ஸ்கூல் ஃபீஸ், சாவுக்கு மொய், கூரைக்கு தகரம்னு எல்லாத்துக்கும் அவர் வீட்டு வாசல்லதான் நிப்பாங்க, அது சரியா தப்பாங்கிறது வேற, ஆனா எம்.பி. மூலமா தொகுதிக்கு வர்ற நிதின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. ஊர்ல ரோடு பத்திப் பேச்சு வந்தா அண்ணன் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவார், "எங்களுக்கு ஆனரபிள் இல்ல"ம்பார். அதுக்கு மேல அவர் பேசமாட்டார். பட்ஜெட் ஓட்டு, இ-லெவி ஓட்டு எதுலயும் அவங்க குரல் இல்ல, வரி மட்டும் அவர் போன்லயும் பிடிச்சாங்க. நாலு வருஷம் மாப்ள. அத நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வருது.

2024 டிசம்பர் தேர்தலுக்கு இந்த சால் ஊர்களுக்குன்னு குவான்னு புதுத் தொகுதி போட்டாங்க, அதுதான் 276வது. தேர்தல் கமிஷன் முடிவு சொல்றதுக்கு முன்னாடியே என்.பி.பி. ஜனாதிபதி வேட்பாளர் பவுமியா தோல்விய ஒத்துக்கிட்டு என்.டி.சி. வேட்பாளர் மஹாமாவுக்கு போன் போட்டு வாழ்த்து சொன்னார், என்.டி.சி.க்கு 180க்கு மேல சீட்டு, இனி ஒரு ஓட்டுக்கு யாரும் சண்டை போடவேண்டியதில்ல. இ-லெவியையும் 2025 ஏப்ரல்ல தூக்கிட்டாங்க, ஆன்ட்டி மத்தியானமும் கடை போடுறாங்க.

அண்ணன் இந்தத் தடவையும் ராத்திரி பஸ்லதான் போனார். திரும்பி வந்தன்னிக்கு காலைல ஸ்டோர் கவுன்ட்டர்ல மை வெச்ச விரல என் முன்னாடி நீட்டி, "ரெண்டு சீட்டு"ன்னார். பைல அக்பாஃபு மலை அரிசி கொண்டுவந்திருந்தார், நம்ம சிவப்பரிசி மாதிரியே இருக்கு, கஞ்சி வெச்சா அப்படி ஒரு வாசம். ஆகஸ்ட்ல லீவுக்கு வரும்போது அப்பாவுக்கு ரெண்டு கிலோ கொண்டுவர்றேன். உன் வோட்டர் ஐடில பழைய அட்ரஸ்தான இருக்கு, நான் வர்றதுக்குள்ள அத மாத்த எழுதிப் போட்டு வைடா.

அன்புடன்,
உன் மாப்ள