நடுவில் ஒரு சைக்கிள்

அன்புள்ள பிள்ளைக்கு,

எங்கள் கல்யாண நாளுக்கு நீ அனுப்பிய கேக் பத்திரமாக வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பெடியன் எங்கள் இருவரையும் அதோடு நிற்க வைத்துப் படம் எடுத்தான். அதை உனக்கு அனுப்பினால்தான் அவனுக்கு வேலை முடியுமாம். "ஐயா, அம்மாவுக்குக் கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ" என்று மூன்று தரம் சொன்னான். நகர்ந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "என்னப்பா, ரெண்டு பேரும் சண்டையோ? நடுவில ஒரு ஆள் நிக்கலாம் போல கிடக்கு" என்று நீ இரவு கேட்ட பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சண்டை ஒன்றும் இல்லை. 1992 ஆவணியில் எடுத்த கல்யாணப் படத்தையும் எடுத்துப் பார், அதே இடைவெளிதான். மற்றப் படங்களெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. அது மட்டும் காணி உறுதியோடு கிடந்ததால் மிஞ்சியது. யுத்தம் நடந்த அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் பிலிம் கிடைப்பதே பெரும்பாடு. படம் எடுத்தவர் பன்னிரண்டு தரத்துக்கு மேல் அமத்த மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டார். கிட்ட வா, தள்ளி நில் என்று சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு எங்கே நேரம்? கரண்ட் இல்லை, பெற்றோமக்ஸ்தான். நான் வந்த மொரிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு துளி பெற்றோல் காட்டித்தான் அதை ஸ்டார்ட் பண்ணுவார்கள். தாலி கட்டும்போது என் வேட்டியில் மண்ணெண்ணெய் மணந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். 1990இல் ரயில் நின்றதால் கொழும்பிலிருந்த பெரியமாமா வரவில்லை. 2014இல் யாழ்தேவி திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு வந்து, பலகாரம் எங்கே என்று கேட்டார்.

அதன் பிறகு அந்த இடைவெளி வெறுமையாக இருந்ததே இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து நடந்தபோது நடுவில் சைக்கிள். அண்ணாவுக்கு ஒன்றரை வயது, பாரில் துணி சுற்றி அவனை இருத்தியிருந்தோம். கரியரில் அரிசி மூட்டை. ஒரு பக்கம் நான் ஹாண்டிலைப் பிடிக்க, மற்றப் பக்கம் அம்மா அவனைப் பிடித்தாள். மழை வேறு. சனம் அடி அடியாகத்தான் நகர்ந்தது, நாவற்குழிப் பாலத்தைக் காண விடிந்துவிட்டது. அவ்வளவு நேரத்திலும் நாங்கள் பேசியது நான்கைந்து வார்த்தைதான். "இஞ்சேருங்கோ" என்பாள், திரும்பிப் பார்ப்பேன், போத்தலை நீட்டுவாள். அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு வீடு திரும்பினோம். பிறகு நீ பிறந்தாய். நீ நடுவில் படுத்துக் காலால் உதைப்பாய்.

ஆள் மாறவில்லையா என்றால், நன்றாகவே மாறியிருக்கிறோம். முன்பு நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள் இப்போது வங்கிக்குத் தானே ஸ்கூட்டியில் போகிறாள், வட்டி குறைந்தால் அங்கேயே நின்று கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் இருக்க எனக்குத்தான் பயம். குடித்த கோப்பையைக் கழுவி அறியாதவன் நான். உனக்குத் தெரியும், நீ அதற்காக என்னோடு சண்டை பிடித்திருக்கிறாய். நீ ரொறன்ரோ போன பிறகு, அவளுக்கு முழங்கால் வருத்தமும் வர, காலைத் தேத்தண்ணி என் பொறுப்பாகிவிட்டது. சாயம் கூடிப்போச்சு என்று ஒவ்வொரு நாளும் சொல்லுகிறாள். குடிக்காமல் விட்டதில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் இன்னும் இல்லை. அவளுக்கு நான் "இஞ்சேருங்கோ", எனக்கு அவள் "இஞ்சேரும்". கேக்கில் எங்கள் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அம்மா தன் பெயரை வெட்ட மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் அந்தத் துண்டு இன்னும் பிரிட்ஜில் கிடக்கிறது. மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. சீனி வருத்தக்காரர் இருவர் எவ்வளவைத்தான் தின்பது?

சரி பிள்ளை, பின்பக்கத்திலிருந்து "இஞ்சேருங்கோ" என்று சத்தம் வருகிறது. தண்ணீர் மோட்டரை நிற்பாட்ட மறந்துவிட்டேன், டாங்கி நிரம்பி வழிகிறதாம்.

அன்புடன்
அப்பா