சீழ் கெட்ட ரத்தமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கால் புண் கட்டுரையில் 'கெட்ட ரத்தம்தான் சீழாக வெளியேறுகிறது' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் செல்லூரில் வீட்டுக்கு வீடு சொல்வதுதான். அச்சிலும் வந்துவிட்டதே என்றுதான் எழுதுகிறேன். இருபது வருடமாக லேப்பில் ஸ்லைடு பார்ப்பவன் நான்.

ஒரு சொட்டுச் சீழைக் கண்ணாடியில் தடவி, கிருமிகளை அடையாளம் காட்டும் 'கிராம்' என்ற சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இளஞ்சிவப்பாக நிறைந்து கிடப்பவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். சிலவற்றின் வயிற்றுக்குள் கருநீலப் புள்ளிகள் திராட்சைக் கொத்தாகத் தெரியும். விழுங்கப்பட்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் அவை.

வயிறு என்றேன், அந்த அணுவுக்கு வாயே கிடையாது. கிருமி ஒட்டியதும் தன் மேல்சவ்வை நீட்டிச் சுற்றிக்கொள்ளும், பூக்காரம்மா சில்லறையை முந்தானையில் முடிகிற மாதிரி. முடிச்சு உள்ளே போனதும், கிருமியைச் செரிக்கும் நொதிப் பைகள் அதோடு ஒட்டி, இருப்பதைக் கொட்டிவிடும். கூடவே ஹைப்போகுளோரஸ் அமிலமும் அங்கேயே தயாராகிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் தெருவில் தூவுகிறார்களே பிளீச்சிங் பவுடர், தண்ணீர் பட்டால் அதிலிருந்து வருவதும் இதே அமிலம்தான். அதைத் தயாரிக்கும் நொதி பச்சை நிறம். சீழில் பச்சை ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தின்று செத்த வெள்ளணு, செத்ததும் சாகாததுமான கிருமி, சிதைந்த சதை எல்லாம் சேர்ந்ததுதான் சீழ். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அணுக்கள் கிருமியை விழுங்குவதைப் பற்றி அவர் செய்த, 1908இல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த வேலைக்கு அங்கேதான் தொடக்கம்.

விழுங்கியதெல்லாம் செரிக்கும் என்றும் இல்லை. காசநோய்க் கிருமி, நொதிப் பை வந்து ஒட்டவிடாமல் தடுத்து, விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கும்.

கட்டுரையில் விட்டுப்போனது சர்க்கரை. அது ஏறினால் இந்த அணுக்கள் புண்ணுக்கு வந்து சேர்வதும் மந்தம், தின்பதும் மந்தம். எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடை அண்ணன், 'கெட்ட ரத்தம் போகட்டும்' என்று கால்விரல் புண்ணை மூன்று நாள் பிதுக்கிக்கொண்டே இருந்தார். பிதுக்கப் பிதுக்கக் கிருமி ஆழத்துக்குப் போனதுதான் மிச்சம். லேப்புக்கு வந்தபோது சர்க்கரை 340. இப்போது அந்தக் காலில் நான்கு விரல்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அண்ணன் கல்லாவில் உங்கள் பத்திரிகைதான் கிடக்கிறது.

— லேப் டெக்னீஷியன் ஒருவர், செல்லூர், மதுரை.