வரிக்குச் சொன்ன விலையும் இழப்பீட்டுக்குக் கேட்ட விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வல்லரசுகள் அயல்நாடுகளில் படை இறக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மக்களாட்சி, பாதுகாப்பு என்று அரசுகள் கூறும் காரணங்கள் அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றன. சொத்துக் கணக்கு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தாராபுரத்தில் நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் அதிபர் அர்பென்ஸின் அரசு 1952இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, பெரும் பண்ணைகளில் பயிரிடாமல் கிடந்த நிலத்தை நிலமற்ற உழவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் புரூட், வரிக்காகத் தன் நிலத்துக்குத் தானே எழுதிக் கொடுத்திருந்த மதிப்பின்படி, எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இழப்பீடாகச் சுமார் 6 லட்சம் டாலரைக் கடன் பத்திரங்களாகத் தர அரசு முன்வந்தது. நிறுவனத்துக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டதோ ஏறக்குறைய 1 கோடியே 58 லட்சம் டாலர். 1954 ஜூனில் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. பயிற்சியளித்த படை எல்லை தாண்டியது. அர்பென்ஸ் பதவி விலகினார். நிலம் நிறுவனத்துக்கே திரும்பியது. அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் பாஸ்டர் டல்லஸ் முன்பு பங்குதாரராக இருந்த சட்ட நிறுவனம் யுனைடெட் புரூட்டுக்காக வழக்கறிஞர் பணி செய்துவந்தது.

எங்கள் பக்கத்தில் சாலைக்கு நிலம் எடுத்தபோது, முத்திரைத் தீர்வைக்கு அஞ்சிக் குறைத்து எழுதிய கிரயத் தொகையே இழப்பீட்டுக்கும் அடிப்படையாகிவிட, தென்னந்தோப்புக்காரர் ஒருவர் என் மேசைமுன் உட்கார்ந்து, அந்தத் தொகை இருந்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, பத்திரத்தை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். எழுதிய கணக்குக்கு அவர் கட்டுப்பட்டார். யுனைடெட் புரூட் கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பின்னால் ஓர் அரசும் அதன் உளவுத்துறையும் நின்றன.

ஈரானில் 1951இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக், 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு கவிழ்க்கப்பட்டார். மறு ஆண்டே அந்த எண்ணெய்க்கான கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு பங்கு கிடைத்தது.

கம்யூனிச அச்சம் வாஷிங்டனில் உண்மையாகவே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொத்து யாருடையது, என்ன விலை பேசப்பட்டது, பிறகு யார் கைக்கு மாறியது என்பதைப் பார்க்காமல் அந்த அச்சத்தை மட்டும் காரணமாக எழுதுவது, வில்லங்கச் சான்று பார்க்காமல் கிரயம் பேசுவதற்கு ஒப்பாகும்.

எனவே, ஒரு நாட்டுக்குள் அயல்படை நுழைந்த செய்தியை வெளியிடும்போது, அங்குள்ள எண்ணெய், சுரங்க, துறைமுக ஒப்பந்தங்கள் அன்று யாரிடம் இருந்தன என்பதையும், ஓராண்டு கழித்து அவை யாரிடம் இருக்கின்றன என்பதையும் தேடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
தாராபுரம்.